எழுபதுக்கு எழுபது

எல்கோவில் சம்பளம் வெள்ளிக்கிழமை.
வெள்ளி வாங்குவதும் வெள்ளிக்கிழமை.
கிரேசியானா எச்சார்ட் வகுத்துக்கொண்ட இந்த ஒழுங்கு
அவள் பேசும் இரண்டு மொழியிலும் சிலேடையாகாது.
இங்கே ஆகிறது, நான் என்ன செய்ய.

இரண்டாள் உயரச் சக்கரம் வைத்த லாரியில்
பன்னிரண்டு மணி நேரம், இரவெல்லாம்,
சுரங்கத்துப் பாறையை மேலேற்றுகிறாள்.
ஒரு நடைக்கு இருநூற்றைம்பது டன்.
அதற்குள் தங்கம் இருக்கிறது என்கிறார்கள்.
பதினொரு வருடத்தில்
ஒரு குன்றிமணி கண்ணில் பட்டதில்லை.

ஆகவே வெள்ளி.

குவிலிச்சியின் கடையில் இரண்டு பெட்டிகள்.
ஒன்றில் நாணயங்கள் குழாய் குழாயாக,
இருபது இருபதாக, எடைக்கு விலை.
மற்றதில் ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் பேழையில்;
பேழைக்குள் சீட்டு, சீட்டில் எண்.
அறுபத்தொன்பது என்றால் ஒரு விலை.
எழுபது என்றால் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.
இடையில் இருக்கும் அந்த ஒன்றை
வெறுங்கண்ணால் பார்த்தவர் இல்லை.

"எங்கே வித்தியாசம், காட்டுங்கள்" என்றாள் முதல் வாரம்.
உருப்பெருக்கியை நீட்டினார்.
கழுகின் இறகோரம் ஒரு மயிரிழை
இருந்தது,
அல்லது அது அவள் இமைமயிர்.

எழுபதையே வாங்கினாள்.
உரைகல் வேண்டாம், உரசல் வேண்டாம்;
எங்கோ ஓர் ஊரில் விளக்கடியில் அமர்ந்து
முன்பின் தெரியாத இரண்டு மூன்று பேர்
குறையொன்றுமில்லை என்று சொன்ன சொல்லை
காசு கொடுத்து வாங்கினாள்.
அவளைப் பார்த்து அப்படி
இதுவரை எவரும் சொன்னதில்லை.

நாற்பத்தாறு பேழைகள் சேர்ந்தன,
துப்பாக்கிப் பெட்டகத்தில், தோட்டாக்களுக்கு மேல்தட்டில்.

மார்ச்சில் ஒன்றில் புள்ளி விழுந்தது.
பால் சிந்திக் காய்ந்தது போல,
சுதந்திரதேவியின் முழங்காலுக்குக் கீழே.
திறக்கவில்லை, தொடவில்லை,
மூச்சுக்கூடப் படவில்லை.
அச்சடித்த அன்றே உள்ளே ஒளிந்திருந்திருக்கும்
என்று குவிலிச்சி உதட்டைப் பிதுக்கினார்.
"புள்ளிக்கு உத்தரவாதம் கிடையாது, அம்மணி.
இனி விற்றால் எடைக்குத்தான்."
சீட்டு மட்டும்
எழுபது எழுபது என்று சாதித்தது.

வீட்டில், பேழையைத் துண்டில் சுற்றி
வெட்டுக்குறடால் மூலையை நெரித்தாள்.
முதல் நெரிப்புக்கு அசையவில்லை.
இரண்டாவதில் படாரென்றது;
நாய் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டது.

உள்ளங்கையில் விழுந்தது.
குளிர்ந்தது. நினைத்திருந்ததைவிடக் கனம்.
நாற்பத்தாறு வாங்கியவள்
ஒன்றைத் தொடுவது இதுதான் முதல் தடவை.
சமையல் மேடையில் சுண்டினாள்:
ணங்.
அந்த ஒலிக்குச் சீட்டில் இடம் விட்டிருக்கவில்லை.
பளபளப்பில் கட்டைவிரல் ரேகை பதிந்தது.
துடைத்தாள், இன்னும் அழுந்தப் பதிந்தது.
அறுபத்தெட்டு, அறுபத்து மூன்று, ஐம்பத்தெட்டு என்று
தன் கையாலேயே இறக்கிக்கொண்டு போனாள்.
சிரிப்பு வந்தது.

ஞாயிறு இரவு அண்ணன் கானிஷ் வீட்டில் முஸ் ஆட்டம்.
கணக்கு வைக்கக் கிண்ணத்தில் சிவப்பு அவரைவிதை.
ஒன்றைக் குழந்தை விழுங்கிவிட்டதா, காணோம்;
ஆட்டத்தை நிறுத்தி மேசைக்கடியில் தேடினார்கள்.
கிரேசியானா பையிலிருந்து எடுத்து வைத்தாள்.
எராமுன் புரட்டிப் பார்த்து
"ஒரு டாலர் என்று போட்டிருக்கிறதே" என்றான்.
"ஐந்து புள்ளி" என்றாள். "சீட்டைப் போடு."

அடுத்த வெள்ளி, வேலை முடிந்து இறங்கும்போது
ரூபி மலைக்கு மேல் விடிவெள்ளி.
கடை திறக்கும்வரை வண்டியிலேயே தூங்கினாள்.
குவிலிச்சி எழுபது ஒன்றை எடுத்து வைத்திருந்தார்.
வாங்கினாள். ஏன் வாங்கமாட்டாள்?
கூடவே குழாயிலிருந்து ஒன்று:
"சுற்றித் தரவேண்டாம், அப்படியே கொடுங்கள்."

சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.
சாவிக்கொத்தோடு அது
வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வந்தது.